சோறு போடுவோம், சாவி தர மாட்டோம்

(வேலூரை ஒட்டிய காட்பாடியில் ஒரு மாலைக் கூட்டத்தில், வெளியிலிருந்து பிழைக்க வருபவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பது பற்றி நான் பேசியது. பேச்சு வாடையைப் பெரிதாக மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் இரைகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையிலிருந்து நம் ஊருக்கு ஆட்கள் வந்தது 1983 கலவரத்துக்குப் பிறகுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கரைக் குடும்பத்தோடு 1816இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தான் வெள்ளைக்காரன். 1832இல் அவர் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவர் நினைவாகக் கட்டியதுதான். சிறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ராஜா என்பதால் தலைக்கு மேல் கூரைக்குக் குறைவில்லை. அவருக்குப் பிறகு கடல் தாண்டி வந்த சாதாரண சனங்களுக்கு மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் புது வீடு கட்ட 2021இல்தான் அடிக்கல் நாட்டினார்கள், 2023 செப்டம்பரில் திறந்தார்கள். அதுவரை பல குடும்பங்களில் ஒரு தலைமுறையே கொட்டகையில் வளர்ந்து கல்யாணமும் கட்டிவிட்டது.

சரி, அது அரசாங்கத்தின் கதை. நம் கதைக்கு வருவோம்.

வேலூர் காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளுக்காகப் போர்டெல்லாம் வங்காளத்தில் எழுதியிருக்கும், பெட்டிக்கடைக்காரர் வங்காளத்தில் விலை சொல்வார், மெஸ்ஸில் மீன் குழம்பு அவர்கள் ருசிக்கு வரும். எவ்வளவு கெட்டிக்கார ஊர்! ஆனால் அதே கிழக்குப் பக்கத்திலிருந்து ஒருவன் ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக்கோ கட்டட வேலைக்கோ பெண்டாட்டி பிள்ளையோடு வந்து வீடு கேட்டால், நமக்குத் திடீரென்று இந்தி மறந்துபோகிறது, 'வீடு காலி இல்லை' என்று தமிழிலேயே சொல்லிவிடுகிறோம். லாட்ஜுக்கு நாள் வாடகை தருபவர் விருந்தாளி, மாத வாடகை தர வருபவன் 'வடக்கன்'.

ஊரை மட்டும் திட்டவில்லை, நானும் அதைச் செய்தவன்தான். என் மாடி போர்ஷன் காலியாக இருந்தபோது ஒடிசாக்காரர் ஒருவர், கைக்குழந்தையோடு மனைவி, வெயிலில் வந்து நின்றார்கள். தண்ணீர் கொடுத்தேன், உட்காரச் சொன்னேன், சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்டேன். அப்புறம் 'சொந்தக்காரர்கள் வருகிறார்கள்' என்று ஒரு பொய். மாடி அதற்குப் பிறகு 4 மாதம் பூட்டியே கிடந்தது. அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

வெள்ளத்துக்கும் கொரோனாவுக்கும் சோற்றுப் பொட்டலம் கட்டுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கையில் வாடகை ஒப்பந்தம் என்ற ஒரு தாள் இல்லாததால் எத்தனை காரியம் நின்றுபோகிறது தெரியுமா? ஆதாரில் முகவரி மாற்றுவது, கேஸ் இணைப்பு வாங்குவது, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் 'இங்கே எங்கே குடியிருக்கிறீர்கள்' என்றுதான் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போடச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. தகராறு வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவதற்கும் வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பாதீர்கள், நானும் உங்களில் ஒருவன்.

தாள் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. 5 கிலோ குட்டி சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டியே வாங்கலாம். வெளிமாநில ரேஷன் கார்டு இருந்தால் 2020 அக்டோபரிலிருந்து நம் கடையிலும் விரல் ரேகை வைத்து அரிசி, கோதுமை வாங்க வழி இருக்கிறது. டி.சி. இல்லை என்பதற்காக அரசுப் பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது, கல்வி உரிமைச் சட்டம் அப்படி. இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவுன்டரில் நின்று தமிழில் வாதாட வராது. கூட ஒரு உள்ளூர் ஆள் நின்றால் காரியம் நடந்துவிடுகிறது, இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

வீட்டுக்காரர்களின் பயமும் முழுப் பொய் இல்லை. வாடகை பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தவர்கள் உண்டு, பெரும்பாலும் நம்மூர்க்காரர்களே! அதனால் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். குடிவருபவருக்காக எங்களில் ஒருவர் பொறுப்புக் கையெழுத்துப் போடுவோம், வாடகை நின்றால் முதல் 2 மாதம் நாங்கள் கட்டுவோம். இதுவரை 3 குடும்பங்களுக்குப் போட்டோம், ஒரு தடவை பணம் கட்ட நேர்ந்தது. ஃபேக்டரியில் சம்பளம் தள்ளிப்போனதால். பின்னால் அந்த வீட்டுப் பெண்மணியே கொண்டுவந்து திருப்பித் தந்துவிட்டார், நாங்கள் கேட்கவில்லை.

இப்போது 2 குடும்பங்கள் வீடு தேடுகின்றன. ஒன்று பாலாற்றுப் பக்கம் தார்ப்பாய் போட்டு இருக்கிறது, மழைக்காலம் வருகிறது. காலி போர்ஷன் வைத்திருப்பவர்கள் டீ குடித்துவிட்டு என்னிடம் வாருங்கள். கொடுக்க வீடு இல்லாதவர்கள் வியாழக்கிழமை காலை 10 மணிக்குத் தாலுகா ஆபீஸ் வாசலுக்கு வந்தால் போதும், இவர்களுக்கு நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவங்கள் நிறைய இருக்கின்றன. பேனாவை மட்டும் மறந்துவிடாதீர்கள், போன தடவை 6 பேருக்கு ஒரே பேனா.