‘லினக்ஸ் உண்டு’ என்ற வார்த்தையை நம்பாதீர்கள்

வணக்கம் மக்களே. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு வந்தாயிற்று. பின்னால் தெரிவது மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். எஸ்டேட் ஆபீஸ் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இவர்கள் கணக்கு முழுவதும் கீழே சேலம் செவ்வாய்பேட்டை ஆபீஸில், விண்டோஸ் கம்ப்யூட்டரில், டாலியில் இருக்கிறது. மேலே இருப்பவை லினக்ஸில் ஓடும் இரண்டு ராஸ்ப்பெரி பை 400. கீபோர்டுக்குள்ளேயே மொத்த கம்ப்யூட்டரும் அடக்கம். மலையில் கரண்ட் போய்ப் போய் வருமே, சின்ன யூபிஎஸ்ஸே தாங்கட்டும் என்று நான்தான் போட்டுக் கொடுத்தேன். இங்கிருந்து அந்த டாலியைப் பத்திரமாகத் திறக்க விபிஎன் வேண்டும், அதாவது இன்டர்நெட் வழியாக இரண்டு ஆபீஸையும் இணைக்கும் பூட்டிய பாதை.

முதலில் நான் ஏமாந்த கதை. ஒரு விபிஎன் சேவையின் விளம்பரத்தில் ‘லினக்ஸ் உண்டு’ என்றிருந்தது. ஒரு வருடக் காசையும் கட்டிவிட்டேன். டவுன்லோடு செய்தால் ஒரே ஒரு டெப் ஃபைல் (டெபியன், உபுண்டு வகை லினக்ஸுக்கான இன்ஸ்டால் ஃபைல்), அதுவும் ஏஎம்டி64, அதாவது வழக்கமான இன்டெல், ஏஎம்டி ப்ராசசருக்கானது. பை 400-இல் இருப்பதோ ஆர்ம் ப்ராசசர். இன்ஸ்டால் ஆகவே இல்லை. ஓனர் முன்னால் அன்று முழித்த முழி இருக்கிறதே!

அதனால் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸில் எந்த வகை), எந்த ப்ராசசர் என்று கேளுங்கள். விண்டோஸ் ஆப்பில் இருக்கும் கில் சுவிட்ச் (விபிஎன் அறுந்தால் நெட்டையே நிறுத்துவது), ஸ்ப்ளிட் டனல் (சிலவற்றை மட்டும் விபிஎன் வழியே அனுப்புவது) எல்லாம் லினக்ஸிலும் உண்டா என்றும் கேளுங்கள். இலவச ட்ரையல் கொடுத்தால் ஆபீஸில் இருப்பதிலேயே விசித்திரமான கம்ப்யூட்டரில் முதலில் போட்டுப் பாருங்கள்.

கடைசியில் கைகொடுத்தது வயர்கார்டு என்ற இலவச விபிஎன் மென்பொருள். 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 கர்னலிலேயே, அதாவது லினக்ஸின் மையப் பகுதியிலேயே, சேர்ந்துவிட்டது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வைத்திருப்பவர்களே, 13.2-இலிருந்து உங்களுக்கும் உண்டு. ஆப் எப்போது வரும் என்று எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்க வேண்டாம், ஒரு கான்ஃபிக் ஃபைல் (செட்டிங்குகளை எழுதி வைத்த சின்ன ஃபைல்) போதும். பை 400 சிப்பில் ஏஇஎஸ் என்ற பிரபலமான என்கிரிப்ஷன் முறைக்கென்று தனி ஹார்டுவேர் கிடையாது. வயர்கார்டு பயன்படுத்தும் சாச்சா20 என்ற என்கிரிப்ஷன் முறைக்கு அது தேவையும் இல்லை, வேகமாக ஓடுகிறது. காசு கொடுத்து வாங்குவதானாலும் வயர்கார்டு கான்ஃபிக் ஃபைல் தரும் சேவையையே நான் எடுப்பேன்.

குறையும் உண்டு. யூசர்நேம், பாஸ்வேர்டு கிடையாது, சாவிதான் (கீ என்ற நீளமான எழுத்துச்சரம்). ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் சாவியை சர்வரில் நீங்களே நீக்க வேண்டும். ஆட்கள் கூடினால் அதுவே தனி உத்தியோகம். நெட்டில் டேட்டா அனுப்பும் முறைகளில் யூடிபியில் மட்டுமே ஓடும், அதை அடைத்து வைத்திருக்கும் நெட்வொர்க்கில் ஓபன்விபிஎன் என்ற வேறொரு விபிஎன்னை, வழக்கமான வெப்சைட்டுகள் போகும் டிசிபி 443-இல் ஓட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், மேலே மொபைல் நெட்தான், வெளியிலிருந்து நேராகத் தொட முடியாது. அதனால் சேலம் பக்கம் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி) வாங்கி சர்வரை அங்கே வைத்தோம். இங்கே கீப்அலைவ் 25 வினாடி, அதாவது இணைப்பு தூங்காமலிருக்க 25 வினாடிக்கு ஒரு முறை சேலத்துக்கு ஒரு சின்ன சிக்னல்.

இதோ, உள்ளே அக்கா டாலியைத் திறந்து... அட, கரண்ட் போய்விட்டது. பை ஓடுகிறது பாருங்கள். ரவுட்டருக்கு யூபிஎஸ் போடத்தான் மறந்திருக்கிறேன். இருங்கள், வருகிறேன்.