ஈரி: ரயில் இன்ஜின் செய்யும் ஏரிக்கரை நகரம்

[திரையில்: பென்சில்வேனியா வரைபடம்]

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் வடமேற்கு மூலையைப் பாருங்கள். ஒரு துண்டு நிலம் மட்டும் ஈரி ஏரியைத் தொட மேலே நீண்டிருக்கிறது. துறைமுகம் வேண்டும் என்பதற்காகவே 1792-ல் மாநிலம் காசு கொடுத்து வாங்கிய நிலம் அது. ஈரி நகரம் அங்கேதான் இருக்கிறது.

[ட்ரோன் காட்சி: மணல் தீபகற்பம்]

வளைத்த கை மாதிரி விரிகுடாவை அணைத்து நிற்கிறதே, இதுதான் பிரெஸ்க் ஐல். 1813-ல் பிரிட்டனுடன் நடந்த போரின்போது, அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஆலிவர் பெர்ரியின் 9 கப்பல்களில் 6 இந்த விரிகுடாவில்தான் உருவாயின. விரிகுடா வாயிலில் இருந்த மணல் திட்டு எதிரியை உள்ளே விடவில்லை. சரி, பெர்ரியின் கப்பல் வெளியே போக வேண்டுமே? பீரங்கிகளைக் கரையில் இறக்கி, கப்பலின் இருபுறமும் மிதவைகளைக் கட்டி உயர்த்தி, திட்டைத் தாண்ட வைத்தார்கள். அடுத்த மாதமே ஏரியில் நடந்த சண்டையில் வெற்றி.

அந்த மணல் இன்னும் சும்மா இருப்பதில்லை. அலை அதைக் கிழக்கே அரித்துக்கொண்டு போகிறது. தடுக்க வரிசையாக அலைதடுப்புகள் போட்டும், லாரி லாரியாகப் புது மணல் கொட்ட வேண்டியிருக்கிறது.

[தொழிற்சாலைக் காட்சி]

நகரத்தை ஒட்டி, லாரன்ஸ் பார்க்கில் ஜெனரல் எலெக்ட்ரிக் தொடங்கிய ரயில் இன்ஜின் ஆலை நூறாண்டு தாண்டியது. 2019-ல் வாப்டெக் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2017-ல் இந்திய ரயில்வேக்கு வந்த முதல் டபிள்யூடிஜி-4ஜி டீசல் இன்ஜின் ஈரியில் தயாரானதுதான். அப்புறம்தான் பீகாரின் மர்ஹௌரா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.

ஆனால் பழைய செழிப்பு இல்லை. ஹேமர்மில் காகித ஆலை 2002-ல் மூடப்பட்டது. 1960-ல் 1,38,000 பேர் இருந்த ஊரில் 2020-ல் சுமார் 95,000 பேர்தான். பூட்டான், போஸ்னியா அகதிகள் வந்து குடியேறியிராவிட்டால் இன்னும் குறைந்திருக்கும். 'துருப்பிடித்த ஊர்' என்று ஒரே அடியாகத் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம் என்பேன். 1925-ல் இங்கே பிறந்த ஈரி இன்சூரன்ஸ் இன்றும் இங்கிருந்தே இயங்கும் பெரிய நிறுவனம்.

[பனி மூடிய தெரு]

இனி பனி. குளிர்காற்று, இன்னும் உறையாத ஏரியைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிவந்து கரையில் பனியாகக் கொட்டுகிறது. 2017 கிறிஸ்துமஸ் அன்று ஒரே நாளில் 34 அங்குலம்! வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஈரி ஏரிதான் ஆழம் குறைந்தது. அதனால் சீக்கிரம் உறையும். உறைந்தபின் இந்தப் பனிப்பொழிவும் குறையும். ஆகவே டிசம்பர்தான் ஆபத்தான மாதம். குளிக்கவும் கடற்கரை மாதிரி மணலில் நடக்கவும் ஆசையென்றால் ஜூலையில் போங்கள்.