விளக்கு சூடாகும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்த வீடுகளில் இப்போது என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். "பி.எஸ்சி.தான்னு ஆயிடுச்சு, பிசிக்ஸா கெமிஸ்ட்ரியா?" பிள்ளை முழிக்கும். அப்பா மார்க் பட்டியலை எடுப்பார். பிசிக்ஸில் 88, கெமிஸ்ட்ரியில் 91. அப்படியானால் கெமிஸ்ட்ரி. 3 மார்க்கை வைத்து 3 வருஷத்தை முடிவு பண்ணியாயிற்று.

நான் 30 வருஷத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன். ஒன்றே ஒன்று சொல்லத்தான் வந்தேன். மார்க்கை விடுங்கள், லேபை நினைத்துப் பாருங்கள். எந்த லேபில் காத்திருக்க உங்களுக்குச் சலிக்கவில்லை?

காத்திருப்பதா என்று கேட்பீர்கள். ஆமாம். பெர்மாங்கனேட் டைட்ரேஷன் ஞாபகம் இருக்கும்; ஊதா நிறக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற சோதனை. ஆக்சாலிக் அமிலத்தைச் சுடவைத்து, பெர்மாங்கனேட் இருக்கிற பியூரெட் குழாயைத் திறந்தால், முதல் சொட்டின் நிறம் சட்டென்று போகாது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். அப்புறம் விழ விழ மறையும். வினையில் உண்டாகிற மாங்கனீசு அயனியே வினையை முடுக்கிவிடுகிறது. "முதல் சொட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டவர் கெமிஸ்ட்ரிக்கு வரலாம். "எத்தனை மில்லி சார், எழுதிக்கிட்டுப் போறேன்" என்றவர், 91 வாங்கியிருந்தாலும் யோசிக்க வேண்டும்.

இப்போது எங்கள் பக்கத்துக் கதை. பிசிக்ஸில் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு கருவி, வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து அளக்க. இருட்டறையில் சோடியம் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். போட்டதும் மஞ்சள் வராது, ரோஸ் கலந்த சிவப்புதான் வரும். சோடியம் சூடாகி ஆவியாகிற வரைக்கும் உள்ளே இருக்கிற நியானின் வெளிச்சம் அது. சில நிமிஷம் கழித்துத்தான் மஞ்சள்.

ஒரு வருஷம் ஒரு மாணவி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைக்காமல் எங்களிடம் வந்தவள், அதைச் சொல்லிச் சொல்லி அழுதவள். அன்றைக்குச் சிவப்புத் துப்பட்டா போட்டிருந்தாள். விளக்கு மஞ்சளானதும், "சார், என் துப்பட்டா கறுப்பாயிடுச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. பச்சை அட்டை நோட்டு, நீலப் பேனா மூடி, பக்கத்துப் பெண்ணின் வளையல் என்று ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் மஞ்சள், இல்லாவிட்டால் சாம்பல், கறுப்பு. விளக்கில் சிவப்பே இல்லாதபோது துப்பட்டா எந்தச் சிவப்பைத் திருப்பி அனுப்பும்? அதை அவளேதான் யோசித்துச் சொன்னாள். ஆனால் ரீடிங் எடுக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ரெக்கார்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு பிசிக்ஸ் பிடித்துப்போன நாளில் நான் ரீடிங் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, கணக்கு. "எனக்குக் கணக்கு வராது, அதனால் பிசிக்ஸ்" என்று வருஷா வருஷம் யாராவது வருவார்கள். தயவு செய்து வேண்டாம். கணக்கு எங்களுக்குத் துணைப்பாடம் மட்டுமல்ல; மின்காந்தவியல் வகுப்பில் பாதி நேரம் நுண்கணிதம்தான் ஓடும்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் வாசல் வளைவைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். "இருட்டறையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். உள்ளே உடைந்த பெஞ்சு அடுக்கியிருந்தால் புரிந்துகொள்ளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், லேபைப் பாருங்கள்.

எடுத்தது தப்பாகிவிட்டால்? சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் படித்தது பி.எஸ்சி. பிசிக்ஸ். டாக்டர் பட்டமும் பிசிக்ஸில்தான். அதற்கப்புறம் மறுபடி மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். 2009-இல் நோபல் பரிசு வாங்கியது கெமிஸ்ட்ரிக்கு.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ஐசர் என்கிற மத்திய அரசு அறிவியல் நிறுவனங்களில் 5 வருஷப் படிப்பு, பி.எஸ்.-எம்.எஸ்.; நமக்குப் பக்கத்தில் திருப்பதி, திருவனந்தபுரம். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. உள்ளூர்க் கல்லூரியில் படித்தாலும் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம், கடைசி வருஷத்திலேயே எழுதலாம். வேலை, பி.எட். பற்றி எழுதிக்கொண்டு வந்த 2 பக்கம் கையிலேயே இருக்கிறது. வணக்கம்.