வேலையை விட்டவர்கள் கட்டிய ஊர்

(மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுத்தாக்கினேன். பேசும்போது விட்டுப்போன இரண்டு விஷயங்களை மட்டும் இடையில் சேர்த்திருக்கிறேன்.)

வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து இந்த மழையில் பெர்ரி ஏறி வந்தவர்களுக்கு இன்னொரு வணக்கம். ஏற்பாட்டாளர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'உயர்தொழில்நுட்ப நகரங்களும் வட்டாரப் பொருளாதார வளர்ச்சியும்'. தலைப்பைக் கேட்டதுமே பாதிப்பேர் எழுந்து போய்விடுவீர்கள் என்று பயந்தேன். மழை காப்பாற்றிவிட்டது. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் சோதிக்கும் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்து 31 வருடம் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றவன். அதனால் தொழிற்சாலைக்குள்ளிருந்து பார்த்தால் இந்த விஷயம் எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் பேசுவேன்.

ஒரு அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். வில்லியம் ஷாக்லி என்ற விஞ்ஞானி, சிப்புக்கெல்லாம் அடிப்படையான டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர், 1956இல் நோபல் பரிசு வாங்கியவர். சிலிக்கானில் டிரான்சிஸ்டர் செய்ய அவர் சொந்தமாகக் கம்பெனி தொடங்க அமெரிக்காவில் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். கலிபோர்னியாவுக்குப் போனதற்கு ஒரு காரணம், அங்கே பாலோ ஆல்டோவில் வயதான அவருடைய அம்மா இருந்தார். அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு மகன் நினைத்ததில்தான் சிலிக்கான் பள்ளத்தாக்குக்குச் சிலிக்கானே வந்தது என்று சொன்னால் திட்டமிடல் துறைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 1951இலேயே தன் நிலத்தில் தொழிற்பூங்கா தொடங்கிவிட்டது, ராணுவக் கொள்முதலும் இருந்தது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் முக்கியமான காரியம் ஷாக்லி வந்த பிறகு நடந்தது. மகா புத்திசாலியான ஷாக்லியோடு ஒரு மனிதனும் வேலை செய்ய முடியவில்லை, 1957இல் எட்டுப் பேர் சேர்ந்து வேலையை விட்டார்கள்.

அந்த எட்டுப் பேருக்குத் 'துரோகிகள் எட்டுப் பேர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் தொடங்கியது பேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற சிப் கம்பெனி. அவர்களில் இரண்டு பேர், ராபர்ட் நோய்சும் கார்டன் மூரும், 1968இல் பேர்சைல்டையும் விட்டுப் போய் இன்டெல் தொடங்கினார்கள். அடுத்த வருடம் பேர்சைல்டின் விற்பனைப் பிரிவில் இருந்த ஜெரி சாண்டர்ஸ் சிலரோடு வெளியேறி ஏ.எம்.டி. தொடங்கினார். நேஷனல் செமிகண்டக்டரைத் தூக்கி நிறுத்திய சார்லஸ் ஸ்போர்க்கும் பேர்சைல்டிலிருந்து போனவர்தான்.

இன்டெல், ஏ.எம்.டி., நேஷனல் என்ற மூன்று பெயரையும் கேட்டதும் இங்கே சில தலைகள் ஆடுகின்றன, தெரிகிறது. நம் பினாங்குக்கு முதலில் வந்த 'எட்டு சாமுராய்' கம்பெனிகளில் மூன்று இவைதான். மற்ற ஐந்து ஹியூலெட் பக்கார்டு, லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ். அங்கே வேலையை விட்ட மனிதர்களின் பிள்ளைகள் இங்கே வந்து நமக்கு வேலை கொடுத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவை வந்த காலத்தைத் தம்பிகளுக்குச் சொல்லியாக வேண்டும். 1969இல் தீவுக்குச் சுங்க வரி இல்லாத் துறைமுகம் என்ற அந்தஸ்து போய்விட்டது, துறைமுகத்தை நம்பியிருந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன, வேலையில்லாத் திண்டாட்டம் நாட்டிலேயே மோசமாக இருந்த இடங்களில் பினாங்கும் ஒன்று. அந்த வருடம் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். 1972இல் பாயான் லெப்பாசில், நாட்டிலேயே முதல் சுதந்திர வர்த்தக மண்டலம். அது வரைக்கும் அங்கே இருந்தது வயல். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகத் தொழிற்சாலை கட்டியது அந்த வயலில்தான்.

சரி, நாம் அங்கே என்ன செய்தோம்? எங்கோ தயாராகி வந்த சிலிக்கான் வட்டை அறுத்து, துண்டுகளை ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துக் கட்டி, மூடி, சோதித்து, பெட்டியில் போட்டு அனுப்பினோம். என் அக்கா அந்தக் கம்பி கட்டும் வேலையைத்தான் செய்தார். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பேக்டரி பஸ்சில் கிளம்பினால் வீடு திரும்பப் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் ஆகும், கண் சிவந்து வருவார். ஆனால் மாதச் சம்பளம், எங்கள் அப்பா பால்மரம் வெட்டியதில் பார்க்காத காசு. "இதெல்லாம் உயர்தொழில்நுட்பமா?" என்று படித்தவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். வடிவமைப்பு அங்கே, மூளை அங்கே, கண்வலி இங்கே.

ஆனால் அந்தக் கேள்வி கேட்டவர்கள் பார்க்காத ஒன்று தொழிற்சாலைக்குள் நடந்துகொண்டிருந்தது. எந்திரம் பழுதானால் அமெரிக்காவிலிருந்து ஆள் வரும் வரை காத்திருக்க முடியாது, நாமே கழற்றினோம். ஒரு ஜிக் (வேலை செய்யும்போது பாகத்தைப் பிடித்து நிறுத்தும் கருவி) உடைந்தால் வெளியே லேத்துப் பட்டறையில் கொடுத்து அதே போல் ஒன்று செய்து வாங்கினோம். முதலில் செய்துகொடுத்தது கோணலாக இருக்கும், திருப்பி அனுப்புவோம், மூன்றாவது முறை சரியாக வரும். பத்து வருடம் போனதும் அந்தப் பட்டறைக்காரர் எந்திரமே செய்துகொடுக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் உள்ளே இருந்தவர்களே வெளியேறத் தொடங்கினார்கள். இன்டெலில் இருந்தவர்கள் 1991இல் தொடங்கியது குளோபட்ரானிக்ஸ். ஹியூலெட் பக்கார்டு வழி வந்த பொறியாளர்கள் 2000இல் தொடங்கியது வைட்ராக்ஸ், சிப்பையும் சர்க்யூட் பலகையையும் கேமரா வைத்துப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் எந்திரம் செய்கிறார்கள். என் அக்கா கண்ணால் பார்த்ததை இப்போது அந்த எந்திரம் பார்க்கிறது. அவர்களுடைய வளாகம் பத்து காவான் என்ற ஊரில் இருக்கிறது. பத்து காவான் எங்கள் காலத்தில் தோட்டம்.

1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சந்தையில் அடித்துக்கொள்ளும் கம்பெனிகள் ஒரே கூரைக்குக் கீழ் தங்கள் எந்திரங்களைக் கொண்டுவந்து வைத்து, ஆளுக்கு ஆள் பயிற்சி கொடுத்தார்கள். அரசாங்கம் இடம் கொடுத்து ஒதுங்கி நின்றது. ஒதுங்கி நிற்பது சாமானிய விஷயம் இல்லை.

ஏன் என்றால், ஒதுங்கி நிற்காமல் கட்டிய ஊர்களையும் பார்த்திருக்கிறோம். 1996இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம், கோலாலம்பூரிலிருந்து தெற்கே 50 கிலோமீட்டர் நீளம், 15 கிலோமீட்டர் அகலம். அதற்குள் கணினித் தொழிலுக்கென்று சைபர்ஜெயா, பக்கத்தில் அரசு அலுவலகங்களுக்கென்று புத்ராஜெயா. சாலை போட்டார்கள், கண்ணாடி இழைக் கம்பி புதைத்தார்கள், வரிச்சலுகை கொடுத்தார்கள். நான் குறை சொல்ல வரவில்லை, வேலைகள் வந்தன. ஆனால் பெரும்பாலும் கால் செண்டர், டேட்டா செண்டர், ஆறு மணிக்கு மேல் ஆளில்லாத தெரு என்றுதான் பல வருடம் இருந்தது. புத்ராஜெயா நின்ற மண் பிராங் பெசார் முதலான தோட்டங்களின் மண். அங்கே பால்மரம் வெட்டிய நம் குடும்பங்களை டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள், அந்தச் சுவர்களில் விரிசல் விட்ட கதையை எல்லாத் தமிழ்ப் பத்திரிகையிலும் படித்திருப்பீர்கள். எதிர்கால நகரம் என்று வரைபடம் போட்டவர்கள், அந்த நிலத்தில் ஏற்கெனவே இருந்த மனிதர்களுக்கு அந்த எதிர்காலத்தில் ஒரு நாற்காலி போட மறந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜப்பானியர்களுக்கும் இது நடந்தது. 1960களில் திட்டம் போட்டு, டோக்கியோவுக்கு வெளியே சுகுபா என்ற விஞ்ஞான நகரத்தைக் கட்டி, அரசு ஆய்வுக்கூடங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். விஞ்ஞானிகள் வந்தார்கள், ஆனால் வேலையை விட்டுப் புதிதாக எதையும் தொடங்கியவர்கள் நெடுங்காலம் வெகு குறைவு. வாழ்நாள் வேலை, யார் விடுவார்கள்?

தைவானில் கதையே வேறு. அங்கே அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று 1976இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனியிடம் சிப் செய்யும் தொழில்நுட்பம் வாங்கி, பொறியாளர்களை அனுப்பிக் கற்க வைத்தது. கற்றவர்களை உள்ளேயே வைத்துக்கொள்ளாமல் வெளியே தள்ளியது! 1980இல் யு.எம்.சி., 1987இல் டி.எஸ்.எம்.சி., இந்த இரண்டு சிப் கம்பெனிகளும் அந்த நிறுவனத்திலிருந்து ஆட்களோடு பிரிந்து வந்தவை. அரசாங்கமே "போய்ப் பிழைத்துக்கொள்" என்றது.

கலிபோர்னியாவில் பழைய சட்டம் ஒன்று உண்டு. வேலையை விட்டவன் போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்று முதலாளி எழுதி வாங்கினாலும் செல்லாது. 1872இல் வந்தது, டேவிட் டட்லி பீல்டு என்பவர் நியூயார்க்குக்கு எழுதிய வரைவிலிருந்து எடுத்தது. அதே வரைவிலிருந்து அதே 1872இல் இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்கும் ஒரு பிரிவு போனது, 27ஆம் பிரிவு. இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான் நம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அதில் 28ஆம் பிரிவைப் பாருங்கள், அதே சங்கதி. சிலிக்கான் பள்ளத்தாக்கின் ரகசியம் என்று பேராசிரியர்கள் எழுதித் தள்ளும் அந்த உரிமை நம் சட்டப் புத்தகத்திலும் தூங்கிக்கொண்டிருக்கிறது. (கம்பெனியின் வரைபடத்தைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று அர்த்தம் இல்லை, தம்பி. அதற்கு வேறு சட்டம் இருக்கிறது.)

சட்டம் தடுக்காததை நம் வீடு தடுக்கிறது. என்னோடு ஷிப்டில் இருந்த மூன்று பேர், டெஸ்ட் சாக்கெட் (சிப்பைச் சோதிக்க மாட்டும் தாங்கி) செய்யும் சின்னப் பட்டறை போடப்போகிறோம், நீயும் வா என்று கூப்பிட்டார்கள். வீட்டில் சொன்னேன். மாமியார் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்பா ஒரே வார்த்தை, "இருக்கிறதை விடாதே." தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும், அந்தப் பயத்தில் வளர்ந்தவர் வேறு என்ன சொல்வார்? நான் போகவில்லை. அந்தப் பட்டறையில் இப்போது எண்பது பேர் வேலை செய்கிறார்கள். சீனர்கள் மட்டும் தொழில் செய்கிறார்கள் என்று நாம் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாப்பாட்டுத் தட்டுதான் ஞாபகம் வரும்.

2024இல் அரசாங்கம் அறிவித்த தேசியச் செமிகண்டக்டர் வியூகத்தில் 60,000 பொறியாளர்களை உருவாக்குவோம் என்று இருக்கிறது, 2,500 கோடி ரிங்கிட் ஆதரவும். நல்லது. நான் கேட்பது, அந்த 60,000 பேரில் எத்தனை பேர் பத்து வருடத்தில் சிங்கப்பூருக்குப் போகாமல், இங்கேயே வேலையை விட்டுவிட்டுத் தன் பலகையை மாட்டுவார்கள்? முதல் ஆர்டர் யார் கொடுப்பார்? கோணலாக வரும் முதல் ஜிக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, மறுபடியும் கேட்கிற பொறுமை எந்தப் பெரிய கம்பெனிக்கு இருக்கிறது? நான் நகரத் திட்டமிடுபவனாக இருந்தால் நிலத்தை அளப்பதற்கு முன் இதை எண்ணிப் பார்ப்பேன்.

பேசி முடித்ததும் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். மகன் பாயான் லெப்பாசில் பொறியாளராம், நான் பேசியதைக் கேட்டு அவனும் வேலையை விட்டுவிடுவானோ என்று கவலை. "சேர்ந்து எவ்வளவு நாள் ஆச்சு?" என்று கேட்டேன்.

"எட்டு மாசம், ஐயா."

"இப்போ வேண்டாம்மா," என்றேன். "எந்திரத்தை இன்னும் கழற்றியிருக்க மாட்டான்."