யாருக்கும் சொந்தமில்லாத மாவு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பொங்கல் விழாவுக்கு வந்து இவ்வளவு நேரம் நாற்காலியை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டிருக்கும் நம் குடியிருப்பு மக்களுக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இனிப்பது வெளியே போவதாலா, வீட்டில் கூடிச் சமைப்பதாலா? இதுதான் தலைப்பு. நான் வீட்டின் பக்கம். சமையல் முழுவதையும் பேச நேரம் போதாது, அதனால் ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ரொட்டி. சப்பாத்தியைச் சொல்லவில்லை, கடையில் பிரெட் என்று கேட்டு வாங்குகிறோமே, அது. நாலு வருஷமாக எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். "ஆறு நாள் அடுப்படியில் நிற்கிற பெண்ணை ஏழாவது நாளும் அங்கேயே நிறுத்திவிட்டு, அதற்குக் குடும்ப இன்பம் என்று பெயர் வைப்பீர்களா?" அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ரொட்டியின் வாசனையைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் அது நியாயமாகாது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சகோதரி, எங்கள் வீட்டில் இட்லி மாவுக்கு ஒரு சொந்தக்காரி உண்டு. நான்தான். அரிசி ஊறப் போட்டாச்சா, உளுந்து பொங்க அரைபட்டதா, உப்புப் போட்டுக் கரைத்தோமா, எல்லாம் என் தலையில். குழம்புக்கும் ரசத்துக்கும் சொந்தக்காரி என் மாமியார். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. நான் கல்யாணமாகி வரும்போதே அந்த வேலைகளுக்குப் பெயர் எழுதி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

ரொட்டிக்கு அப்படி ஒரு பெயர் எழுதியிருக்கவில்லை. என் அம்மா சுட்டதில்லை. மாமியார் சுட்டதில்லை. இரண்டு பக்கப் பாட்டிகளும் வெளியே இருந்து வந்த ரொட்டியைத்தான் பார்த்திருக்கிறார்கள். 'எங்கம்மா செய்கிற மாதிரி வரல' என்று சொல்ல வீட்டில் ஆளே கிடையாது. ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்த அன்றைக்கு நாங்கள் ஐந்து பேருமே ஒன்றாம் வகுப்பு. யாருக்கும் தெரியாத வேலை என்பதால் அது யாருடைய வேலையாகவும் இல்லை. யாருடைய வேலையாகவும் இல்லாததால் எல்லாரும் கை வைத்தார்கள்.

இப்போது தராசு என் மகளிடம். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். மைதா 300 கிராம், கோதுமை மாவு 200, தண்ணீர் 340, உப்பு 10, ஈஸ்ட் 5. ஒரு கிராம் கூடினாலும் ஸ்பூனால் எடுத்துவிடுவாள். பிசைவது என் கணவர். அடுப்பு என் மாமனார் பொறுப்பு. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்தவர். ஓவனில் இருக்கிற திருகு 200 என்று காட்டினால் அதை அப்படியே நம்ப மாட்டார். உள்ளே வைக்கிற வெப்பமானி ஒன்றைத் தேடி வாங்கி வந்து பார்த்தால், எங்கள் ஓவன் 200 என்று சொல்லும்போது உள்ளே 180தான். அன்றிலிருந்து அவர் தலையசைக்காமல் மாவு உள்ளே போவதில்லை. என் மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்து வார இதழ் படிப்பார். நான் சில வாரம் மாவை உருட்டி டின்னில் வைப்பேன், சில வாரம் ஊஞ்சலில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வேலை நடக்கிற ஒரு சமையலறையில், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதன் அருமை இந்த அரங்கத்தில் இருக்கிற பெண்களுக்குத் தெரியும்.

முதல் வாரம் நன்றாக வந்துவிடவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர் என்று புத்தகத்தில் இருந்ததை நாங்கள் காபிச் சூட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். ஈஸ்ட் உயிருள்ள பொருள். அறுபது டிகிரியைத் தொட்டால் செத்துப்போகும். மாவு மூன்று மணி நேரம் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. சுட்டபோது செங்கல் கனம். அதை யாரும் குப்பையில் போடவில்லை. மாமனார் ரம்பக் கத்தியால் மெல்லிசாக அறுத்தார், வெயிலில் காயவைத்து மிக்சியில் பொடித்தோம், அடுத்த வாரம் உருளைக்கிழங்கு கட்லெட்டுக்கு அந்தத் தூள்தான் மேல்பூச்சு. இந்த ஊரில் எந்த வணிக வளாகத்துக்குப் போயிருந்தாலும் அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பிசைவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் மாவு கையெல்லாம் ஒட்டும், பிசுபிசுவென்று பிடிவாதம் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் மாவு தூவலாமா என்று கை துறுதுறுக்கும். தூவக் கூடாது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளு, மடி, கால் வட்டம் திருப்பு, மறுபடி தள்ளு. பத்து நிமிஷம் தாண்டும்போது மாவின் குணமே மாறும். ஒட்டுவதை நிறுத்தி, பாத்திரத்தை விட்டு விலகி, காது மடல் மாதிரி மிருதுவாகிவிடும். மகள் நெல்லிக்காய் அளவு கிள்ளி, நாலு விரலில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே மெதுவாக விரிப்பாள். கிழியாமல் விரிந்து மறுபக்கம் அவள் விரலின் நிழல் தெரிந்தால் பக்கம் பக்கமாகப் படித்த பாடம் அங்கே கையில் இருக்கிறது. மாவில் இருக்கிற புரதம் தண்ணீரோடு சேர்ந்து வலையாகப் பின்னிக்கொண்டதுதான் அந்தச் சவ்வு. ஈஸ்ட் விடுகிற கரியமில வாயு அந்த வலைக்குள் மாட்டிக்கொள்வதால்தான் மாவு உப்புகிறது. அரிசி மாவில் இந்த வலை கிடையாது. இதைச் சொன்னபோது என் மாமியார் இதழிலிருந்து தலை நிமிர்த்தி, "அதுக்குத்தானே நம்ம உளுந்து போடறோம், அந்த வழவழப்பு பிடிச்சு வச்சுக்கும்" என்றார். சரியான பதில். ஈஸ்ட் பொட்டலம் வாங்காமலே மாவைப் பொங்க வைக்கிற வீட்டில்தான் நாம் எல்லாரும் வளர்ந்திருக்கிறோம்.

எதிரணியில் பேசிய தம்பி வேறொன்று கேட்டார். பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வருகிற பிரெட்டுக்கு எதற்கு நாலு மணி நேரம்? தம்பி, நீங்கள் கேட்ட அதே கேள்வியை ரொட்டித் தொழில் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1961இல் இங்கிலாந்தில் சோர்லிவுட் என்ற ஊரிலிருந்த ஆய்வு நிலையத்தில் ஒரு வழி கண்டார்கள். அதிவேக இயந்திரத்தில் மாவைச் சில நிமிஷம் அடித்துவிட்டால் மணிக்கணக்கில் புளிக்க விட வேண்டியதில்லை. நேரம் செய்கிற வேலையை இயந்திரத்துக்கும் மாவில் கலக்கிற ரசாயன மருந்துக்கும் கொடுத்துவிடுவது. அந்த மருந்துகளில் ஒன்று பொட்டாசியம் புரோமேட். 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி, பன், பீட்சா வகைகளைச் சோதித்து, 84 சதவீதத்தில் புரோமேட்டோ, அதே வேலை செய்கிற அயோடேட்டோ இருப்பதாகச் சொன்னது. அடுத்த மாதமே நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டைத் தடை செய்தது. கடை ரொட்டியைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அவசர நாளில் நாங்களும் கடையில்தான் வாங்குகிறோம். ரொட்டியிலிருந்து நேரத்தை எடுத்துவிட எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று காட்டத்தான் சொல்கிறேன். எங்களுக்கோ அந்த நேரம்தான் வேண்டும்.

மாவு மூடியிருக்கும்போது செய்ய ஒன்றுமில்லை. நம்மூர் மே மாத வெயிலில் முக்கால் மணி நேரம், மார்கழியில் ஒன்றரை மணி. அவசரப்படுத்தவும் முடியாது, விட்டுவிட்டு ஊர் சுற்றவும் முடியாது, பொங்கி வழிந்துவிடும். அஞ்சு பேரும் வீட்டில் இருந்தே தீர வேண்டும். அந்த நேரத்தில் பேசுகிற பேச்சுக்கு நோக்கம் என்று ஒன்றும் இருப்பதில்லை. நீராவி இன்ஜின் கொதிகலனுக்குள் ஆள் இறங்கி வேலை பார்த்த கதையை என் மாமனார் அப்படி ஒரு காத்திருப்பில்தான் முதல் தடவையாகச் சொன்னார். அவர் மகனுக்கே அது புதுசு. நாற்பத்தைந்து வயதில் தன் அப்பாவைப் புதிதாகத் தெரிந்துகொண்ட என் கணவர், பிசுக்குக் கையைக் கழுவக்கூட எழாமல் உட்கார்ந்து கேட்டார்.

முக்கொம்புக்கும் கல்லணைக்கும் நாங்களும் போகிறவர்கள்தான். தண்ணீர் திறந்துவிட்ட நாளில் காவிரியைப் பார்ப்பது போல ஒரு சந்தோஷம் வேறு எதிலும் இல்லை, அதை விட்டுக்கொடுக்கிறேன். வருஷத்துக்கு நாலு நாள் அது. மீதி நாற்பத்தெட்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தான் என் வாதம்.

ரொட்டி ஓவனிலிருந்து வந்ததும் டின்னிலிருந்து கவிழ்த்து, அடியில் விரலால் தட்டிப் பார்ப்போம். வெற்றுப் பானையைத் தட்டினது போல 'டொக்' என்று வந்தால் வெந்துவிட்டது. பிறகு ஆற விட வேண்டும். சுட்ட சூட்டில் அறுத்தால் உள்ளே கத்தியில் அப்பும். ஆறும்போது மேலோடு சுருங்கி, மெல்லிய சத்தத்தில் பட் பட்டென்று வெடிக்கும். மகள் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாரையும் வாயை மூடச் சொல்வாள்.

முதன்முதலாக ரொட்டி சரியாக வந்த அன்றைக்கு, வெண்ணெய் தடவிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மாமியார் சாப்பிடாமல் இருந்தார். அவர் சின்ன வயதில் வீட்டுக்குள் பிரெட் வந்தால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். படுத்திருக்கிற பிள்ளைக்கு மட்டும் பாலில் நனைத்துக் கொடுப்பார்கள், மற்ற பிள்ளைகள் கதவோரம் நின்று பார்க்கும். அவர் தம்பிக்கு டைபாய்டு வந்தபோது அப்படி நின்றதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "வீட்ல ஒருத்தருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல, ஆனா பிரெட் சாப்பிடறோம் பாரு" என்றார்.

எதிரணிச் சகோதரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், 'பி' பிளாக், இரண்டாம் மாடி. உங்களுக்கு அங்கே ஒரு வேலையும் தர மாட்டோம். பிசைய என் கணவர் இருக்கிறார், அடுப்பைப் பார்க்க மாமா இருக்கிறார். எங்கள் ஊஞ்சலில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

நன்றி, வணக்கம்.