இல்லை என்றாலும் எழுத வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தொற்றுநோய்களை ஒரு மாவட்டம் எப்படிக் கண்காணிக்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள்.

2004இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. கிராம சுகாதார செவிலியர் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பேதி என்று அறிகுறியை மட்டும் குறிப்பார். அது எஸ் படிவம். இன்ன நோயாக இருக்கலாம் என்று மருத்துவர் எழுதுவது பி படிவம். பரிசோதனைக் கூடம் உறுதிசெய்தால் எல் படிவம். அப்போது திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரக் கணக்கு. ஒரு மருத்துவரிடம் இரண்டு பேதி வந்தால் அவருக்கு அது வழக்கமான நாள். ஐந்து மருத்துவர்களிடம் இரண்டிரண்டு பேர் வந்து, பத்துப் பேரும் ஒரே தெருக்காரர்கள் என்றால்? அது மாவட்டத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

நோயே இல்லாத வாரத்திலும் படிவம் போக வேண்டும், சுழி போட்டு. நில் ரிப்போர்ட் என்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இது வெட்டி வேலையாகத்தான் பட்டது.

ஒரு ஊரில் செவிலியரின் பதிவேட்டைப் புரட்டினேன். எட்டு வாரத்துக்கும் ‘இல்லை’. ஒரே பேனா, எழுத்தில் ஒரே சாய்வு. ஒரே உட்காரலில் எழுதியது. “ஏம்மா?” என்றேன். “சார், பக்கத்து ஊரையும் நான்தான் பாக்கிறேன். பஸ்ஸே ரெண்டுதான்” என்றார். கோபிக்க மனம் வரவில்லை. வெளியே வந்து மருந்துக் கடையில் கேட்டால், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தீர்ந்து இரண்டு நாளாம். தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சோதனைச் சொட்டு விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும். மாறவே இல்லை. குழாய் சாக்கடைக்குள் ஓடி, இணைப்பில் கசிந்துகொண்டிருந்தது.

போலியோவில் இந்த விஷயத்தை இன்னும் கறாராகப் பிடித்தார்கள். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை கால் துவண்டால், காரணம் எதுவானாலும் தெரிவிக்க வேண்டும். 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு மல மாதிரி எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்ப வேண்டும். போலியோ அடியோடு ஒழிந்தாலும் வேறு காரணங்களால் சில பிள்ளைகளுக்கு இப்படி வரத்தான் செய்யும். லட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒன்றாவது வர வேண்டும் என்பது உலகக் கணக்கு. இந்தியா இரண்டு என்று வைத்துக்கொண்டது. ஆக, ஒரு பெரிய மாவட்டம் ஆண்டு முழுவதும் ‘ஒன்றுமில்லை’ என்றால் பாராட்டு கிடையாது, விசாரணைதான். 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் இயற்கை வைரஸால் வந்த கடைசிப் போலியோ. அதன்பின் இல்லை என்பதை நம்பி 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததாகச் சான்றிதழ் தந்தார்கள் என்றால், அந்த ‘இல்லை’ தேடிப் பார்த்துச் சொன்ன இல்லை.

தனியார் கிளினிக்குகள்தான் இன்றும் எங்களுக்குப் பெரிய ஓட்டை. 1980களில் வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூர் சிஎம்சியின் டாக்டர் ஜேக்கப் ஜான் குழுவினர் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ‘நதி’ என்று அதற்குப் பெயர். நோயைக் கண்டால் மருத்துவர் ஒரு அஞ்சலட்டையைத் தபாலில் போட வேண்டியது, அவ்வளவுதான். அரசு, தனியார் என்ற பேதமில்லை. எந்த ஊரில் என்ன நோய் என்று தொகுத்த இதழ் மாதாமாதம் அவர்களுக்கே திரும்பிப் போனது. எழுதிப் போட்டதற்குப் பதில் வந்தால்தானே அடுத்த அட்டை எழுதத் தோன்றும்! இதைச் செய்யாமல் படிவம் வரவில்லை என்று மட்டும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

2021இல் புதிய இணையத் தளம் வந்தபின் விவரம் கைப்பேசியில் அன்றன்றே போகிறது. அப்புறம், அந்தச் செவிலியர். அடுத்த முறை நான் போனபோது பதிவேட்டில் சில வாரங்கள் காலியாகவே இருந்தன. போக முடியாத வாரங்கள். மற்ற வாரங்களில் சுழிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: “கேட்டேன். இல்லை.”