எலும்பு கூடிய பிறகும் வலி ஏன்?

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். காரைக்குடியில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். பிசியோதெரபி என்றால் எல்லோருக்கும் தெரியும். சாலை விபத்து என்றதும் ஆம்புலன்ஸ், அறுவைச் சிகிச்சை என்றுதான் பேச்சு போகும். அதற்கு நம் மாநிலத்தில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்று 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை உண்டு. நான் பேச வந்தது அதற்கு அப்புறம் வரும் மாதங்களைப் பற்றி. கட்டைப் பிரித்தாயிற்று, எலும்பு கூடிவிட்டது, பார்க்க வந்த சொந்தக்காரர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். வலி மட்டும் போகவில்லை. அந்த வலியைப் பற்றி.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ரோட்டில் ஆடு குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட, பின்னால் வந்த வண்டி மோதிவிட்டது. பம்பர் கொஞ்சம் நசுங்கியது, அவ்வளவுதான். ஆச்சி இறங்கி, எல்லோருக்கும் ஒன்றுமில்லையே என்று விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தார்கள். காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

இது வழக்கமாக நடப்பதுதான். பின்னாலிருந்து வண்டி மோதும்போது சீட்டு நம் முதுகை முன்னே தள்ளுகிறது. தலை ஒரு கணம் பின்தங்கி, அப்புறம் முன்னால் வீசப்படுகிறது. கழுத்துத் தசையும் தசைநாரும் அந்த இழுப்பில் அடிபடுகின்றன. வலி அந்த நேரத்தில் தெரியாமல், பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ தெரியலாம். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், தசையின் காயத்தைக் காட்டாது. அதனால்தான் படத்தில் ஒன்றும் இருக்காது.

ஆச்சி என்னிடம் வந்தபோது அரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கழுத்தில் காலர். காலரோடு சாப்பாடு, காலரோடு தூக்கம். மகன் கூடவே வந்து, "ஆத்தா, திரும்பாதீங்க, திரும்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் வேறு சிலர், படத்தில் ஒன்றுமில்லை, மனசுதான் காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்கள்: "ஏந் தம்பி, படத்துல ஒண்ணுமில்லேன்னா நான் பொய்யா சொல்றேன்?"

இல்லை, ஆச்சி. வலி பொய்யில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன், படத்தில் தெரியாத வலியும் வலிதான்.

தசை, தசைநார்க் காயங்கள் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆறிவிடும். மூன்று மாதம் தாண்டியும் நிற்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். அங்கே காயத்தைவிட நரம்பு மண்டலத்தின் பங்கு கூடிவிடுகிறது. திருடன் வந்துபோன வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்புறம் பல மாதத்துக்கு முற்றத்தில் பூனை நடந்தாலும் வீட்டில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அடிபட்ட கழுத்தின் நரம்புகளும் அப்படித்தான். சாதாரணமாகத் தலையைத் திருப்பினாலே மூளைக்கு ஆபத்துச் செய்தி போகிறது. வலிக்கிறது என்பதால் மறுபடி ஏதோ கிழிந்துவிட்டது என்று பொருளில்லை.

வலி என்பது அடிபட்ட இடத்தோடு முடிகிற விஷயமே இல்லை. கையை இழந்தவருக்கு இல்லாத கை வலிக்கும். சென்னை ஸ்டான்லியில் படித்த நம் ஊர்க்காரர், நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், இருக்கிற கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டியே அந்த வலி பலருக்குக் குறைவதைக் கண்டார். குழந்தை தலையில் இடித்துக்கொண்டால் அம்மா தேய்த்துவிடுகிறாள், அழுகை அடங்குகிறது. தேய்க்கும் உணர்வு வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். ஆக, வலியைக் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும்.

காலருக்கு வருகிறேன். எலும்பு முறிந்திருந்தால் காலர் அவசியம், அது மருத்துவர் சொல்கிற கணக்கு. முறிவு இல்லாதவர் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டால் கழுத்துத் தசை மெலிந்துபோகும், அசையவே பயம் வரும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இந்தக் கழுத்துக் காயத்துக்காகவே அமைத்த நிபுணர் குழு 1995லேயே அறிக்கை கொடுத்துவிட்டது: அசையாமல் வைப்பதைவிட, கூடிய சீக்கிரம் வழக்கமான அசைவுக்குத் திரும்புவது நல்லது. நம் ஊரில் இன்னும் "அசைக்காதே" என்பதுதான் பாசமாக இருக்கிறது.

ஆச்சிக்கு நான் பெரிய கருவி எதையும் வைக்கவில்லை. காலரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினோம். நம் செட்டிநாட்டு வீடுகள் முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிறவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நடந்தால் அதுவே ஒரு நடை. வளவில் முற்றத்தைச் சுற்றித் தூணுக்குத் தூண் நடக்கச் சொன்னேன். ஒரு தூணில் நின்று இடப்பக்க அறைக் கதவைப் பார்க்க வேண்டும், அடுத்த தூணில் வலப்பக்கக் கதவை. கழுத்து எதுவரை வருகிறதோ அதுவரை போதும். நிலைப்படியைத் தாண்டும்போது மட்டும் நிலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

உண்மையான சிக்கல் கொட்டானில், அதாவது பனையோலைக் கூடையில்தான் வந்தது. ஆச்சி நன்றாகக் கொட்டான் பின்னுவார்கள். சாயம் ஏற்றிய ஓலையை நனைத்து மடியில் போட்டுக்கொண்டு குனிந்தால் நேரம் போவதே தெரியாது. வலி குறைந்த அன்று, விட்டதையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பின்னுவார்கள். மறுநாள் எழ முடியாது. அப்புறம் ஓலையையே தொட மாட்டார்கள். நல்ல நாளில் அளவுக்கு மீறிச் செய்வது, கெட்ட நாளில் முழுக்கப் படுத்துவிடுவது. விபத்து வலியில் தவிக்கும் பலரிடம் நான் பார்ப்பது இதைத்தான். கார் ஓட்டுகிறவரும் இதைத்தான் செய்கிறார், கடையில் நிற்கிறவரும் இதைத்தான் செய்கிறார்.

வழி இதுதான். வலி ஏறுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். ஆச்சிக்கு ஓலையில் இரண்டு சுற்று, அப்புறம் எழுந்து முற்றத்தை ஒரு சுற்று. நல்ல நாளிலும் அவ்வளவுதான், கெட்ட நாளிலும் முடிந்தவரை அவ்வளவு. வாரம் போகப் போக ஒரு சுற்றுக் கூட்டலாம். "இன்னைக்கு நல்லாத்தானே இருக்கு, இன்னுங் கொஞ்சம் பின்னுனா என்ன?" என்று சண்டை போட்டார்கள். நான் விடவில்லை. நல்ல நாளில் நிறுத்துவதுதான் இந்தச் சிகிச்சையிலேயே கடினமான பாகம். மறுபடியும் சொல்கிறேன், நல்ல நாளில் நிறுத்துங்கள். கடைசியில் ஆச்சிக்கு வலி முழுக்கப் போய்விடவில்லை. மழை நாளில் கொஞ்சம் பிடிக்கும் என்கிறார்கள். ஆனால் பேத்தி பின்னாலிருந்து "அப்பத்தா" என்று கூப்பிட்டால் உடம்போடு திரும்பாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்துத் திருகிக் கழுத்தில் சொடக்கு எடுக்கும் பழக்கம் இருக்கிறது. அடிபட்ட கழுத்தை அப்படித் திருக விடாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கழுத்து வழியாகத்தான் ஏறுகின்றன, அவை கிழியலாம். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், தைலம் தடவி இதமாகத் தேய்த்துவிடுங்கள், தவறில்லை. கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் போடாதீர்கள், வயிறும் சிறுநீரகமும் கெடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரத்தைக் காட்டுகிறார்கள். தூக்கத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், அதனால் தூக்கமின்மையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காரில் ஏறவே பயம் என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. காரில் தலைசாய்ப்பான் உங்கள் தலையின் உச்சி அளவுக்கு உயர்ந்திருக்கட்டும், கழுத்தளவில் நின்றால் பயனில்லை. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். கை, கால் வலுவிழந்தாலோ, மரத்துப்போய் அந்த மரப்பு பரவினாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, தலைவலி நாளுக்கு நாள் கூடி வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, பயிற்சி, ஒத்தடம் எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வணக்கம்.